காய்ந்த இலைக்கும் கைப்பக்குவம் உண்டு

ஒரே பருப்பு, ஒரே உருளைக்கிழங்கு, ஒரே முட்டை. தினமும் சமைக்கிறவர்களுக்கு இதில் சலிப்பு வராமல் இருக்காது. வாரா வாரம் புதுப்புதுப் பதார்த்தமாகத் தேடிப் பிடித்துச் செய்ய நேரமும் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் இந்தச் சலிப்பைப் போக்கியது காய்ந்த பச்சிலைகள்தான். புதினா, வெந்தயக்கீரை, ஆரிகானோ, தைம், ரோஸ்மேரி, சதகுப்பைக் கீரை, பிரிஞ்சி இலை என்று ஒரு வரிசை பாட்டில் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதே பருப்பு இன்று ஒரு மணத்திலும் நாளை வேறொரு மணத்திலும் தட்டுக்கு வரும்.

காய்ந்த இலையைப் பச்சை இலை கிடைக்காத நாளுக்கான மாற்றாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு சிட்டிகை தூவிப் பார்ப்பார்கள். வாயில் வைக்கோல் மாதிரி ஏதோ தட்டுப்படும், மணம் மட்டும் வராது. அத்தோடு பாட்டில் அலமாரியின் பின்பக்கம் போய்விடும். இலையின் மேல் குற்றமில்லை. மணம் எங்கே இருக்கிறது, அதை எப்படி வெளியே எடுப்பது என்று தெரிந்துவிட்டால் அந்த பாட்டில் மாதக்கணக்கில் தூங்காது.

மணம் இருப்பது எண்ணெயில். புதினா, துளசி, ஆரிகானோ, தைம், ரோஸ்மேரி எல்லாமே ஒரே குடும்பத்துச் செடிகள். இவற்றின் இலைமேல் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு சுரப்பிகள் உண்டு. வாசனை எண்ணெய் அதற்குள்தான் இருக்கிறது. இலை காயும்போது தண்ணீர் போய்விடும், எண்ணெயில் ஒரு பங்கு அங்கேயே தங்கும். கசக்கினால் அந்தச் சுரப்பி உடையும். கொழுப்பில் போட்டால் எண்ணெய் அதில் கரையும். வெறும் தண்ணீரில் லேசில் கரையாது, ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடும். வெளிச்சமும் காற்றும் சூடும் பட்டால் நாளடைவில் கெட்டுப்போகும். வாங்குவது, காயவைப்பது, சேமிப்பது, சமைப்பது எல்லாவற்றிலும் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த எண்ணெய் இப்போது எங்கே போகிறது?

எல்லா இலையும் காய்ந்தபின் ஒரே மாதிரி நிற்பதில்லை. ஆரிகானோ, தைம், ரோஸ்மேரி மூன்றும் மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட மலைச்சரிவுகளில் வெயிலில் வளர்ந்து பழகியவை. இலை சிறியது, தடித்தது, நீர் குறைவு, எண்ணெய் அதிகம். இவை காய்ந்தாலும் மணம் போவதில்லை. ஆரிகானோவைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிடக் காய்ந்ததே எனக்குப் பிடிக்கும், பச்சையில் உள்ள காட்டம் சற்று அடங்கி ஆழம் கூடியிருக்கும். கொத்தமல்லித்தழை இதற்கு நேர் எதிர். அதன் வாசனைப் பொருட்கள் லேசில் பறக்கிறவை. காய்ந்த கொத்தமல்லியை முகர்ந்தால் வெறும் புல்தான். அதைக் காயவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், பச்சையாகவே பயன்படுத்துங்கள். பார்ஸ்லியும் கிட்டத்தட்ட அப்படித்தான், நிறத்துக்காக வேண்டுமானால் தூவலாம். கறிவேப்பிலை நடுவில் நிற்கிறது. பச்சையின் துள்ளல் போய்விடும், ஆனால் நிழலில் காய்ந்ததைப் பொடித்துச் சூடான நெய்யில் சேர்த்தால் ஒரு வறுத்த மணம் கிடைக்கும், அது தனி ருசி.

தைம், ஆரிகானோ என்றதும் நமக்கு ஒட்டாத வாசனை என்று ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. தைமுக்கு மணம் தருவது தைமால் என்ற பொருள். ஓமத்துக்கும் மணம் தருவது அதுவே. ஆரிகானோவின் காரமான வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் நம் கற்பூரவல்லி இலையிலும் இருக்கிறது. ஓமம் பிடிக்கும் வீட்டில் தைம் நிச்சயம் எடுபடும். அறிமுகமில்லாத இலையை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் இந்த வழியாக உள்ளே நுழைந்தால் குடும்பத்தில் எதிர்ப்பு இருக்காது.

இனி கைவேலை. நான் காய்ந்த புதினாவை பாட்டிலிலிருந்து நேரே பாத்திரத்தில் கொட்டுவதே இல்லை. ஒரு டீஸ்பூன் உள்ளங்கையில் எடுத்துக்கொள்வேன். முதலில் பார்க்கச் சாம்பல் பூத்த சருகுதான், முகர்ந்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மற்ற கையின் பெருவிரலால் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் சரசரவென்று நொறுங்கும், நடுநரம்பும் காம்பும் மட்டும் நொறுங்காமல் விரலைக் குத்தும். அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று. அப்போது பொடியின் நிறம் மாறுவது தெரியும், உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். கூடவே மணம் சட்டென்று மூக்கில் ஏறும். அந்த நொடியில் பாத்திரத்தில் சேர்த்துவிட வேண்டும். நொறுக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் எண்ணெய் காற்றோடு போகும். ரோஸ்மேரி ஊசி மாதிரி இருக்கும், கையில் நொறுங்காது. அதைச் சிறிது கல்லுப்போடு சேர்த்து உரலில் இடித்தால் உப்பே அரம் போல வேலை செய்து மைய நுணுக்கிவிடும்.

அளவைப் பொறுத்தவரை ஒரு டேபிள்ஸ்பூன் நறுக்கிய பச்சை இலைக்கு ஒரு டீஸ்பூன் காய்ந்த இலை, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இது எல்லோரும் சொல்லும் கணக்கு, சரியான கணக்கும்கூட. முழு இலையாக இல்லாமல் நைஸ் பொடியாக இருந்தால் அதிலும் பாதி போதும். ரோஸ்மேரிக்கு மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், நாலு பேர் சாப்பிடும் உணவுக்கு அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். கூடினால் கற்பூரம் மாதிரி அடிக்கும், எதைச் சேர்த்தும் அதை அடக்க முடியாது.

கொழுப்பு இல்லாமல் காய்ந்த இலை பேசாது. என் சமையலை மாற்றியது இந்த ஒரு விஷயம் என்றே சொல்வேன். நெய், வெண்ணெய், ஏதாவது ஒரு சமையல் எண்ணெய், எதுவானாலும் சரி. அதைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட வேண்டும். கடுகு பொரிகிற சூடு இதற்கு ஆகாது. சற்று ஆறவிட்டு நொறுக்கிய புதினாவைப் போட்டால் ஓரங்களில் மெல்லிய நுரை எழும், நிறம் கரும்பச்சைக்கு மாறும், பத்துப் பதினைந்து விநாடியில் மணம் அடுக்களை முழுக்கப் பரவும். உடனே பருப்பின் மேலோ தயிரின் மேலோ ஊற்றிவிடுங்கள். நிறம் பழுப்பைத் தொட்டுவிட்டால் கசப்பு வந்துவிடும். எண்ணெயின் சூட்டில் சந்தேகமிருந்தால் ஒரு இலையைப் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் நுரைத்தால் சரி, சடசடவென்று வெடித்தால் இன்னும் ஆற வேண்டும். வெங்காயம் வதக்குகிற உணவாக இருந்தால் இவ்வளவு கவனம்கூடத் தேவையில்லை. வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் தைமையோ ஆரிகானோவையோ சேர்த்து அரை நிமிடம் புரட்டினால் போதும், வெங்காயத்தில் உள்ள ஈரம் இலை கருகாமல் காக்கும்.

எப்போது சேர்ப்பது என்பது இலையின் தடிப்பைப் பொறுத்தது. பிரிஞ்சி இலை முதலிலேயே போகட்டும், அது மெதுவாகத்தான் மணத்தை விடும், பரிமாறும் முன் எடுத்துவிட வேண்டும். ரோஸ்மேரி, தைம், ஆரிகானோ மூன்றும் இருபது முப்பது நிமிடக் கொதியைத் தாங்கும். புதினா, சதகுப்பைக் கீரை, துளசி வகையான பேசில், காய்ந்த வெந்தயக்கீரை ஆகியவற்றைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேர்த்து மூடி வையுங்கள். மூடியில் முட்டி நிற்கும் ஆவி மறுபடி பாத்திரத்துக்குள்ளேயே விழும்.

பிரிஞ்சி இலை விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு மரங்களின் இலை விற்பனைக்கு வருகிறது. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் அது இலவங்கப்பட்டை இனத்து மரம், பட்டையும் கிராம்பும் கலந்த மணம் வரும். நடுவில் ஒரே நரம்பும் அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகளும் இருந்தால் அது லாரல் மரத்து இலை, யூகலிப்டஸ் சாயலில் மணக்கும். மசாலா சேர்க்கும் சோற்றுக்கு முதல் வகை, சூப்புக்கும் தக்காளிக் குழம்புக்கும் இரண்டாவது வகை என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பதில் மற்றது போட்டால் உணவு கெட்டுவிடாது, ஆனால் நினைத்த ருசி வராது.

எதற்கு எது என்று கேட்டால் என் பழக்கத்தைச் சொல்கிறேன். வேகவைத்த உருளைக்கிழங்கை வெண்ணெயில் புரட்டும்போது ரோஸ்மேரி, வறுத்த பூண்டு இரண்டு பல். தக்காளி எங்கே வந்தாலும் ஆரிகானோ, தக்காளியின் புளிப்பும் அதன் காட்டமும் ஒன்றையொன்று தாங்கும். காளானுக்குத் தைமை மிஞ்ச எதுவும் இல்லை. முட்டைக்குச் சதகுப்பைக் கீரை. அடித்த முட்டையில் அரை டீஸ்பூனைக் கலந்து ஐந்து நிமிடம் ஊறவிட்ட பிறகு ஊற்றினால் இலை நாக்கில் உறுத்தாது. வெள்ளரிக்காய் போட்ட தயிருக்குப் புதினா. தயிரில் சேர்ப்பதானால் அரைமணி நேரம் முன்னாலேயே சேருங்கள், சருகு நீரை உறிஞ்சி மென்மையாக வேண்டும், மணமும் தயிரின் கொழுப்பில் இறங்க வேண்டும். எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் கலந்து காய்கறிமேல் ஊற்றும் கலவைக்கும் இதே விதி.

பருப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. வேகும்போதே ஒரு பிரிஞ்சி இலையும் கால் டீஸ்பூன் தைமும் சேர்த்துவிடுவேன். பருப்பு குழைந்தபின் நெய்யில் பொரித்த புதினாவை மேலே விடுவேன். அடியில் ஒரு மணம், மேலே ஒரு மணம். சாப்பிடும்போது முதலில் புதினா வரும், விழுங்கியபின் தைம் மெதுவாகத் தெரியும். வேறொரு நாள் அதே பருப்பில் இரண்டும் வேண்டாம், காய்ந்த வெந்தயக்கீரை மட்டும். வெறும் வாணலியில் லேசாகச் சூடுகாட்டி, உள்ளங்கையில் நொறுக்கி, இறக்கும்போது தூவினால் மெல்லிய கசப்போடு வேறொரு பருப்பு ஆகிவிடும். வெந்தயக்கீரை கூடினால் கசப்பு முன்னால் வந்துவிடும், நாலு பேருக்கு ஒரு டீஸ்பூன் தாராளம்.

இலைகளை அதிகம் பயன்படுத்தத் தொடங்கியபின் நான் எதிர்பாராமல் கண்ட நன்மை, உப்பு குறைந்தது. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. உப்பைச் சும்மா குறைத்தால் சப்பென்றிருக்கிறது என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆரிகானோவும் ஒரு பிழி எலுமிச்சையும் சேர்த்துவிட்டு உப்பைக் கால்வாசி குறைத்தால் யாருக்கும் தெரிவதில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கிற வீட்டில் இதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். கடையில் கலந்து விற்கும் இலைக் கலவைகளில் மட்டும் உப்பு சேர்ந்திருக்கலாம், லேபிளைப் படித்து வாங்குங்கள்.

வீட்டிலேயே காயவைப்பது கஷ்டமில்லை, பொறுமை வேண்டும். புதினாவும் வெந்தயக்கீரையும் தொடக்கத்துக்கு ஏற்றவை. கழுவியபின் துணியில் பரப்பி, மேலே ஒட்டிய ஈரம் முழுக்கப் போகும்வரை விசிறிக் காற்றில் விடுங்கள். அதன்பிறகு இலைகளை மட்டும் கிள்ளி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் நிழலில் பரப்ப வேண்டும். நேர் வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும், சூட்டில் எண்ணெயும் போய்விடும். காற்றில் ஈரம் இல்லாத நாட்களில் மூன்று நான்கு நாளில் காய்ந்துவிடும். கையில் எடுத்து மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும், அதுதான் பதம். பச்சை இலையில் பெரும்பகுதி தண்ணீர்தான், 100 கிராமுக்கு 15 கிராம் தேறினாலே அதிகம். ஆகவே மனம் தளராமல் நிறையவே பரப்புங்கள்.

மழைநாளில் நிழலில் வைத்தால் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். ஓவன் இருந்தால் அதன் மிகக் குறைந்த சூட்டில், கதவைச் சற்றுத் திறந்துவைத்துக் காயவையுங்கள். 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் மணம் நிற்கும். மைக்ரோவேவில் இரண்டு காகிதத் துண்டுகளுக்கு நடுவே வைத்து இருபது முப்பது விநாடி விட்டுவிட்டு ஓட்டலாம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள், முழுக்கக் காய்ந்த இலை தீப்பற்றிக்கொள்ளும். கற்பூரவல்லி போல் சதைப்பற்றுள்ள இலைகளைக் காயவைக்க முயல வேண்டாம். காய்வதற்குள் அழுகிவிடும்.

பாட்டிலில் போட்டதோடு வேலை முடியவில்லை. முதல் வாரம் தினமும் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். உள்சுவரில் பனித்த மாதிரி ஈரம் தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி காயவைக்க வேண்டும். ஈரம் தெரியவில்லை என்றால் இறுக மூடி, இருட்டான அலமாரியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். அடுப்புக்கு மேலே அழகாக அடுக்கிவைக்கும் பாட்டில் வரிசை பார்க்க நன்றாக இருக்கும், இலைக்கு மட்டும் அதைவிட மோசமான இடம் கிடையாது. சூடு, வெளிச்சம், ஆவி மூன்றும் அங்கேதான். கொதிக்கிற பாத்திரத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தூவுவதும் வேண்டாம். ஆவி உள்ளே ஏறி இலை நமத்துப்போகும், கட்டிதட்டும், பிறகு பூஞ்சணம். கையில் எடுத்துப் போடுவது ஒன்றுதான் சரி, எப்படியும் நொறுக்கத்தானே போகிறோம். முழு இலையாகவே சேமியுங்கள். முழு இலை ஒரு வருஷத்துக்கு மேலும் மணம் தாங்கும், பொடித்தது ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும்.

கடையில் வாங்கும்போதும் முழு இலை அல்லது பெரிய துண்டுகளாக உள்ளதையே பார்ப்பேன். தூளில் எதைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 2015இல் பிரிட்டனில் விச் என்ற நுகர்வோர் அமைப்பு 78 ஆரிகானோ மாதிரிகளைச் சோதித்தது. சோதனையை நடத்தியவர் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் எலியட். நான்கில் ஒன்றில் ஆலிவ் இலை, மிர்ட்டில் இலை போன்றவை கலந்திருந்தன. பச்சையாகவும் மெல்லியதாகவும் நொறுங்கும் எந்த இலையையும் கலந்துவிட முடியும் என்பதால் ஆரிகானோ ஏமாற்றுக்கு வசதியான பொருள். வீட்டில் பார்க்க ஒரு எளிய வழி: கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்து மெல்லுங்கள். நல்ல ஆரிகானோ காரமாகக் கடித்து நுனிநாக்கை லேசாக மரக்கச் செய்யும். வெறும் இலைச்சுவை மட்டும் வந்தால் அது பழசு அல்லது கலப்படம், எப்படியானாலும் அடுத்த முறை வேறு கடை.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிட வேண்டும். காயவைப்பதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை, வளராமல் நிற்கும், அவ்வளவுதான். ஈரம் கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். தயிரிலோ வெண்ணெயிலோ கலந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். அழகான பாட்டிலில் எண்ணெய் ஊற்றி, அதில் பச்சை இலையும் பச்சைப் பூண்டும் மிதக்கவிட்டு வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், மணத்திலோ நிறத்திலோ தெரியாது. வாசனை எண்ணெய் வேண்டுமென்றால் முழுக்கக் காய்ந்த இலையை மட்டும் போட்டு, கொஞ்சமாகச் செய்து, ஃப்ரிட்ஜில் வையுங்கள். பூண்டு வேண்டாம்.

மணம் தளர்ந்த இலையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கசக்கிப் பார்த்தால் பாதி மணமாவது வருகிறதென்றால் அளவை இரட்டிப்பாக்கி, நிறைய நேரம் கொதிக்கிற சூப்பில் மெல்லிய துணியில் முடிந்து போடுவேன். ரொட்டி மாவு பிசையும்போது ஒரு கப் மாவுக்கு ஒரு டீஸ்பூன் சேர்ப்பேன், வேகும்போது மேல்தோல் சிவக்கும் இடத்தில் மீதி மணம் வரும். அரை கப் கல்லுப்போடு இரண்டு டேபிள்ஸ்பூன் இலையைச் சேர்த்து இடித்து வைத்தால் வேகவைத்த காய்கறிமேல் தூவ ஆகும். கசக்கியும் ஒன்றும் வரவில்லை என்றால் செடித்தொட்டி மண்ணில் கலந்துவிட்டு, அந்த பாட்டிலைக் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே புது இலையை நிரப்புங்கள். பழைய தூளின்மேல் புதிதைக் கொட்டினால் எது எப்போது வாங்கியது என்ற கணக்கே போய்விடும். மூடியில் மாதத்தையும் வருஷத்தையும் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.